பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 4, செவ்வாய்

நடன அறையின் கூரை ஒழுகுகிறதாம். அதனால் இனி செவ்வாய், வியாழன் மாலைகளில் டான்ஸ் மேடத்தின் வகுப்பும் என் விளையாட்டுக் கூடத்தில்தான். நடுவே பச்சைத் திரையை இழுத்துவிட்டிருக்கிறார்கள். நான் விசில் ஊதினால் அந்தப் பக்கம் ஆடுபவர்கள் நின்றுவிடுகிறார்கள். அங்கே "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்றால் இங்கே என் ஆட்கள் கைப்பந்தை விட்டுவிட்டு இடுப்பை ஆட்டுகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சமுதாயக் கல்லூரியில் பி.டி. மாஸ்டர் நான். இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பந்து திரைக்கு அடியில் உருண்டு போனது. எடுக்கக் குனிந்தேன். அந்தப் பக்கம் வரிசையாக வெறுங்கால்கள். அதில் ஒரு ஜோடி – இடது சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கணுக்காலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

அது என் மனைவியின் கால்.

பந்தை எடுக்காமலே வந்துவிட்டேன். யாரோ காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்பே வந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். "தையல் கடைல இன்னிக்கு வேலை அதிகமா?" என்றேன். "எப்பவும் போலத்தான்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கண்ணில் கோளாறோ?

பிப்ரவரி 7, வெள்ளி

கோளாறு இல்லை. அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டினேன். குழந்தைகள் பராமரிப்பு, பட்டயப் படிப்பு, மாலை நேரம். உடற்கல்விக்குப் பதிலாக நடனம். அவள் பெயர்தான். பெயருக்கு முன்னால் இனிஷியலாக என் எழுத்து இல்லை, அவள் அப்பாவின் எழுத்து.

சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பின்கட்டடம், பின்வாசல். ஆறு மாதமாக ஒரே கல்லூரிக்கு வந்து போகிறாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

பிப்ரவரி 8, சனி

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு, சுற்றி வளைத்துக் கேட்டேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவள்தானாம்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"அத அம்மாகிட்ட கேளுங்கப்பா."

"கேட்டா என்ன சொல்லுவா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

திரையின் தையல் ஓரிடத்தில் பிரிந்திருக்கிறது. அதன் வழியே பார்த்தேன். பி.டி. மாஸ்டர் செய்கிற வேலையா இது?

அவளுக்கு ஜோடி ஒரு தபால்காரர். உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது இவள் இடப்பக்கம் திரும்பி அவர் மேலேயே மோதினாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அதனால் என்ன? எதற்கு இதை எழுதுகிறேன்?

அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

முதல்வரிடம் கடிதம் கொடுத்தேன். பாட்டுச் சத்தத்தால் பயிற்சி கெடுகிறது, கூடத்தைப் பகிர்ந்துகொள்ள இயலாது என்று.

சத்தத்துக்காகத்தான் எழுதினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

வேறு இடம் இல்லாததால் இந்தப் பருவத்துக்கு நடன வகுப்பு ரத்து. தேர்ச்சி வேண்டுகிறவர்கள் உடற்கல்வி வகுப்பில் சேரலாமாம். கூரையைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆள் தேடுகிறவர்கள் இதை மட்டும் ஐந்தே நாளில் முடித்துவிட்டார்கள்.

ரத்து செய்யச் சொல்லி நான் கேட்கவில்லையே. வேறு இடம் பார்ப்பார்கள் என்றுதான்... அப்படி நினைத்தேனா? தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதினோரு பேர் புதிதாக வந்து வரிசையில் நின்றார்கள். வருகைப் பதிவு எடுத்தேன். அவள் பெயர் வந்தது. இருமிவிட்டுக் கூப்பிட்டேன்.

"உள்ளேன் ஐயா" என்றாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். மற்ற பத்துப் பேர் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொன்னாள்.

கூடத்தைச் சுற்றி நாலு சுற்று ஓடச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "முழங்காலைத் தூக்கு" என்று கத்தினேன், எல்லோரிடமும் கத்துவதுபோல. தூக்கினாள். தபால்காரர் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "சார், அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காரட்டுமே." அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் நான்தான் ஆரம்பித்தேன். கடிதம் கொடுத்தது நான் என்று சொன்னேன்.

"தெரியும். போர்டுல ஒட்டியிருந்தாங்க. உடற்கல்வித் துறை கேட்டுக்கிட்டதாலன்னு. அந்தத் துறைல நீங்க ஒரே ஆள்தானே."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்துல. படிக்கணும்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"நானா?"

"நீங்கதான். அப்புறம் ஷூவுக்குப் பாலிஷ் போட உக்காந்துட்டீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. ஞாபகம் இல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்டேன். "சரி, கால் வலிக்குது" என்று எழுந்து போனாள். சரி என்றால் என்ன சரி?

பிப்ரவரி 19, புதன்

கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் நீங்கதானே சார் சத்தம்னு எழுதினீங்க?"

"ஆமா சார். சத்தம் இல்ல. அது பொய்."

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை, நல்லவேளை. கூடத்தை டான்ஸ் மேடத்துக்கே விட்டுவிடுங்கள், என் வகுப்பை வெளியே திடலில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மழை பேஞ்சா?"

"நனையறோம் சார்."

பிப்ரவரி 25, செவ்வாய்

மழை. நனைந்தோம்.

மார்ச் 13, வியாழன்

அவள் வகுப்பைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்டால் நோண்டுவதுபோல இருக்கும், கேட்காவிட்டால் அக்கறை இல்லாததுபோல இருக்கும். இரவுச் சாப்பாட்டை நான் செய்துவிடுகிறேன், அவள் சாப்பிட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுக்கிறாள். கோபம் இருக்கிறதா, போய்விட்டதா? மகளிடம் கேட்டேன். "கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்றாள். சும்மா இருப்பதற்கு எனக்குப் பயிற்சி இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நடனத் தேர்வு. குடும்பத்தினர் வரலாம் என்று அறிவிப்பு இருந்தது. அவள் கூப்பிடவில்லை. நான் திடலிலேயே இருந்தேன். பாட்டு நின்று கைதட்டல் கேட்டபோது யாருக்கு என்று தெரியாமலே நானும் தட்டினேன். என் ஆட்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

மே 23, வெள்ளி

மாலையில் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"ரிசல்ட் வந்துடுச்சு. டான்ஸ்ல பாஸ். குழந்தை உளவியல்ல போச்சு."

அடுத்த முறை காலையில் எழுந்து படி, அட்டவணை போட்டுத் தருகிறேன் – இத்தனையும் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"நம்ம பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல. அவகிட்ட இன்னும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான்."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, எந்தக் கேள்வியில் தப்பு விட்டாள் என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.