மூன்றாம் ஞாயிறு வாசிக்காத ஓலை

சேசு மரி சூசை துணை

வரதராசன்பேட்டை
17–10–1948

அன்பு மகன் அருளப்பனுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதாவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், இந்த முறை எழுத்தெல்லாம் வலது பக்கம் சாய்ந்து ஓடுகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிற பிள்ளையின் எழுத்து அப்படி ஓடாது. இங்கே ஐப்பசி பிறக்குமுன்பே மழை பிடித்துக்கொண்டது, முந்திரித் தோப்பில் கிணற்றோரம் இருந்த பெரிய மரம் சாய்ந்துவிட்டது, சிவலை மாடு காளைக்கன்று போட்டிருக்கிறது. நீ ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய படக்கதைக் கட்டு இந்த மாதம் முதல் வாரமே வந்துவிட்டது. தபால்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வக்கீல் வீட்டுக் காகிதமா என்று கேட்டார், அப்பா விடுவாரா, இல்லையப்பா, என் மகன் எழுதிய பொய்க்கட்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வெளியே அப்படிச் சொன்னாரே தவிர உள்ளே வந்து நாலு தரம் புரட்டிப் பார்த்தார், ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறான், மறுபக்கம் வெறுமனே கிடக்கிறதே என்று வருத்தப்பட்டார். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

நீயும் உன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வடபழனி அறையில் உட்கார்ந்து எழுதியதை உரக்க வாசித்து, ஆளுக்கு ஒன்றை எடுத்துவிடச் சொல்லவேண்டும், ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று வைத்திருக்கும் வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலாளி இல்லாமல் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாகப் படம் எடுப்பதென்றால் தட்டிக் கேட்க ஆள் இருக்காது, ஒருவரை ஒருவர் தட்டிக் கேட்டுக்கொண்டால்தான் உண்டு. கேமரா பிடிக்கிற பஞ்சநாதன், அழுகிற முகத்தை எடுத்துவிடு, அந்த நேரத்தில் அவள் கை என்ன செய்கிறது என்று எழுது என்றானாமே, அந்தப் பிள்ளையை யார் பெற்றார்களோ, நல்ல பிள்ளை. படத்தை வெட்டி ஒட்டுகிற முருகையன், உன் கதையில் வருகிற கெட்டவன் தனியாக இருக்கும்போது என்ன செய்வான் என்று கேட்டானாம், நீ அது எதற்கு, கெட்டவன் கெட்டவன்தானே என்று கோபித்துக்கொண்டாயாம். கோபம் எதற்கு ராசா, அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

உனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் எழுது அம்மா என்று கேட்டிருந்தாய். எனக்குச் சினிமா என்ன தெரியும், போன பங்குனியில் ஜெயங்கொண்டம் டூரிங் கொட்டகைக்கு அக்கா கூட்டிப்போய் இரண்டு படம் பார்த்தேன், அவ்வளவுதான். அங்கே மெஷின் ஒன்றே ஒன்று, ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுகிறார்கள். பெண்கள் பக்கத்தில் முறுக்கு விற்கிற கிருஷ்ணம்மாள், விளக்குப் போட்டதும் அடுத்து இன்னது நடக்கும் பாருங்க என்று சொல்லிவிடுகிறாள், சொன்னபடியே நடக்கிறது, அப்புறம் யார் படம் பார்க்கிறார்கள், முறுக்குத்தான் தின்கிறார்கள். நீ எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கி மீசையைத் தடவுகிறபோதே இவன் கைவிடப்போகிறான் என்று அவள் சொல்லிவிடுவாள். அப்புறம் கல்யாணப் பெண் கோயில் மணிக்கூண்டின் கீழே நின்று பாடுகிறாளே மூன்று சரணம், கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கல்யாண ஓலை மூன்றாம் ஞாயிறு வாசிக்காமல் நின்றுபோன பெண்ணுக்குத் தாளம் தப்பாமல் பாட்டு எங்கிருந்து வரும். உன் அக்கா அன்றைக்குப் பாடவும் இல்லை, அழவும் இல்லை. கல்யாணத்துக்கென்று அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருந்தோம், ஊறினது வீணாகக் கூடாது என்று சொல்லி உரலில் போட்டு இடித்து, பாகு வைத்து, அத்தனையும் சுட்டு அடுக்கி, திங்கட்கிழமை கூடையில் வைத்துத் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நடந்ததை எழுது ராசா, நடக்காததை எழுதாதே. இவ்வளவும் நான் முதல் தடவை படித்தபோது நினைத்தது. நான் சொன்னதிலேயே ஒன்று நடக்காதது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீ இது அக்காவின் கதை என்று எனக்கு மட்டும் எழுதி, அவளுக்குத் தெரியவேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவள் கதையை அவளுக்குத் தெரியாமல் ஊரார் பார்ப்பதா, பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பதா. அதனால் சனி ஞாயிறு மத்தியானங்களில் அவளை உட்காரவைத்து நானே வாசித்தேன். அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே கேட்டாள், தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாம் நாள் அந்த இடம் வந்தது, பெண்ணைப் பெற்றவள் கோயில் வாசலில் நின்று, இரண்டு ஞாயிறு பேர் வாசித்தபிறகு கைவிட்டவன் நல்ல சாவு சாகமாட்டான் என்று கத்துகிறாளே, அந்த இடம். மேலே வாசிக்காமல் நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தை என் வார்த்தை. ஆறு வருஷம் முன்பு நீ திருச்சியில் படிக்கும்போது நான் உனக்கு எழுதிய கடிதத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது, நீ பத்திரமாக வைத்திருந்து எடுத்துப் போட்டிருக்கிறாய். நான் நிறுத்தியதும் அக்கா சிரித்துவிட்டாள், சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அப்புறம் சொன்னாள், "அந்த மனுசன் வேணாம்னு சொல்லலம்மா. நாந்தான் வேணாம்னு எழுதினேன். பழிய அவரு தூக்கிக்கிட்டாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால் நடந்தது இதுதான். இரண்டாம் ஓலை வாசித்த வாரம், அக்காவுக்குப் பேசியிருந்த மிக்கேல் வாத்தியாரின் அம்மா நம் வீட்டுக்கு வந்தபோது, கல்யாணம் ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட வேண்டும், எங்கள் வீட்டுப் பெண் கைநீட்டிச் சம்பளம் வாங்குவது வழக்கமில்லை என்று சொன்னாளாம், நானும் அதற்கென்ன என்று தலையாட்டினேனாம். ஆட்டியிருப்பேன், எனக்கு ஞாபகம்கூட இல்லை. அக்கா அன்றைக்கே மிக்கேலுக்கு அவர் வேலை செய்கிற பள்ளிக்கூட விலாசத்துக்கு நாலு வரி எழுதியிருக்கிறாள், பள்ளிக்கூடத்தை விட எனக்கு மனசில்லை, இந்தக் கல்யாணம் வேண்டாம், நான் சொன்னால் வீட்டில் கேட்கமாட்டார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று. அந்த மனிதர் அதற்குப் பதில் எழுதவில்லை. இரண்டு ஊர்ச் சாமியாருக்கும், எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை, மூன்றாம் ஓலை வாசிக்கவேண்டாம் என்று தன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார். பெண் வேண்டாமென்று சொன்னாள் என்றால் அவளுக்கு அப்புறம் நம் பக்கத்தில் யார் வருவார்கள், ஆண் சொன்னால் நாலு நாள் பேச்சோடு போய்விடும் என்று நினைத்திருக்கிறார். நாலு நாளில் போகவில்லை. முருகையன் கேட்டானே, கெட்டவன் தனியாக இருக்கும்போது என்ன செய்வான் என்று, இதைத்தான் செய்தார், ஒரு காகிதத்தில் தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டார்.

நான் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "நீ என்னையக் கேக்கவே இல்லியேம்மா, கேக்காமலே தம்பிக்கு எழுதிட்டியே" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, அவள்மேல் கோபமென்று நினைத்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள்தான் தெரிந்தது அது அவள்மேல் இல்லை. நான் எழுதியதை நீ நம்பினாய், நம்பியதைக் கதையாக்கினாய், அந்த வாத்தியாருக்குத் தானியேல் என்று பேரை மாற்றினாயே தவிர, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பையும் கொள்ளிடக்கரைப் பள்ளிக்கூடத்தையும் அப்படியே வைத்துவிட்டாய். இது ஜெயங்கொண்டத்தில் ஓடினால் கிருஷ்ணம்மாளுக்குக் கூட இது ஏலாக்குறிச்சி மிக்கேல் வாத்தியார் என்று தெரிந்துவிடும். ஆறு வருஷம் நான் வாயால் செய்ததை நீ அத்தனை பெரிய திரையில் செய்யப்போகிறாய். தை மாதம் படப்பிடிப்பு என்று எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன வியாழக்கிழமை அப்பாவும் நானும் புறப்பட்டோம். ஜெயங்கொண்டம் போய், அரியலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருமானூரில் இறங்கி, வண்டி பேசிக்கொண்டு ஏலாக்குறிச்சி போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. மிக்கேலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், இரண்டு குழந்தைகள். இந்தப் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்கவில்லை, அதனால்தான் அவ்வளவு தூரம் போனது என்று அந்தப் பெண்ணே மோர் கொடுத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள், நாங்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. மிக்கேல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார், எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார், உன் அக்கா லீலாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் முதலில் கேட்டார். நான் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன், மன்னிப்பும் கேட்டேன். அது பழசுங்கம்மா, விடுங்க என்றார். அவர் அம்மா எங்கே, அவர்களிடமும் நான் சொல்லவேண்டும் என்றேன். அப்போதுதான் சொன்னார், போன மாசியில் அவர்கள் காலமாகிவிட்டார்களாம்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓலை நின்ற மறுவருஷம் ஏலாக்குறிச்சித் திருவிழாவில் அந்த அம்மாள் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தேடி வந்து என் கையைப் பிடிக்க வந்தாள், என் பிள்ளை செய்ததுக்கு என்று ஆரம்பித்தாள், நான் கையை உதறிக்கொண்டு போய்விட்டேன். பெற்ற பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்றே நினைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று மிக்கேலைக் கேட்டேன். சொன்னா எங்கம்மா மறுநாளே உங்க தெருவுல வந்து நின்னுருப்பாங்க, லீலா பேரு கெட்டுருக்கும் என்றார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில், அந்தப் புள்ளைக்கு ஒரு மூட்டை முந்திரி அனுப்பணும் என்றார், அவருக்குத் தெரிந்த வழி அது.

இனி உன் கதையைப் பற்றி. கிழித்துப் போடு என்று சொல்லத்தான் முதலில் காகிதம் எடுத்தேன். அக்கா வேண்டாமென்றாள். அவள் உனக்குச் சொல்லச் சொன்னது இது: படத்தை எடு, ஆனால் வேண்டாமென்று சொன்னது பெண்தான் என்று எடு, அவளை அழவைக்காதே, பள்ளிக்கூடத்தில் நிற்கவை. ஊர் என்ன பேசும் என்று நான் கேட்டதற்கு, எனக்கு முப்பது வயதாகிறது, இனி என்ன பேசினால் என்ன, அவர் ஆறு வருஷம் சுமந்துவிட்டார், மிச்சத்தை நான் சுமக்கிறேன் என்கிறாள். என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. மிக்கேலிடமும் கேட்டுவிட்டேன், தழும்பையும் சைக்கிளையும் எடுத்துவிட்டால் போதும் என்றார். இனி யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுது, அம்மா கடிதத்தில் இருக்கிறது என்று எழுதாதே. இந்தக் கடிதத்தைப் பஞ்சநாதனுக்கும் முருகையனுக்கும் வாசித்துக் காட்டு, நான் எடுத்துவிடச் சொல்வது கோயில் வாசலில் கத்துகிற அந்த ஒரு வரியை.

ஓட்டல் காரத்தைக் குறை, மாதம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, கதை வாசிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். தேவமாதா உன்னையும் உன் சிநேகிதர்களையும் கைவிடாமல் காத்து, எடுத்த காரியத்தை முடித்துத் தரட்டும் என்று தினமும் செபமாலையில் உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். அப்பாவின் ஆசீர்வாதம், அக்காவின் அன்பு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாங்கள் புறப்படும்போது மிக்கேல் வண்டி வரைக்கும் வந்தார், வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுங்கம்மா, படத்துல அந்த வாத்தியாரோட அம்மா அவங்க மகன் சொல்றத ஒரு தடவ கேக்குற மாதிரி வைக்க முடியுமான்னு" என்றார். நடக்காததை எழுதாதே என்று மேலே எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுது. பெண்ணைப் பெற்றவளும் பக்கத்தில் இருக்கட்டும், அந்த அம்மாள் கையை நீட்டினால் இவள் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
ச. அமலோற்பவமேரி