நடுவில் ஆடிய தண்டு

திருகோணமலை

அன்புள்ள தங்கரத்தினத்துக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

நான் களஞ்சியம் பார்க்கும் பட்டறையில் நேற்று கடைசல்காரர் ஜெமீல் கிண்ணியாப் படகொன்றின் நீண்ட இரும்புத் தண்டைச் சுழலவிட்டுக் கடைந்தார். அது கெட்டால் படகு கரையில்தான். உளி நடுவுக்கு நகர்ந்ததும் தண்டு நடுங்கியது. வாய்க்காலின் மேல் போட்ட பலகையில் நடந்தால் நடுவில்தானே அதிகம் ஆடும், அதுபோல. பழைய வாத்தியார் பழக்கம் விடாமல், நடுவில் முட்டுக் கொடுக்கும்படி குனிந்து காட்டினேன்.

"தலைய எடுங்க மாஸ்டர், பாடத்தைப் புறகு நடத்தலாம்," என்றார் ஜெமீல்.

அதற்குள் ஒரு இரும்புச் சீவல் தெறித்து என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. முட்டுக் கொடுத்ததும் தண்டும் தப்பியது.

வீட்டு அலுமாரியிலுள்ள என் பழைய கண்ணாடியை அனுப்பிவிடும். அதுவரை உமது கடிதங்களை ஜெமீல்தான் வாசித்துக் காட்டுவார். தபாலுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு மட்டும் சொல்ல ஏதும் இருந்தால், மிகப் பெரிய எழுத்தில் எழுதும்.

அன்புடன்,
ஏகாம்பரம்