முதலில் மின்விசிறியை நிறுத்து

இன்று காலை பின் தெருவில் ஒரு சாவு. ஆட்டோ ஓட்டுகிறவரின் அப்பா. நான் போனபோது வாசலில் சீயக்காய்த்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேராக உள்ளே போய் மின்விசிறியை நிறுத்தினேன். பஞ்சை நனைத்துப் பெரியவரின் மூடிய இமைகள்மேல் வைத்தேன். கண்ணில் ரத்தம் சேராமலிருக்கத் தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மகனிடம், கண்ணைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். ஆனால் அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கண் காய்ந்துவிடக் கூடாது.

இதெல்லாம் எனக்குத் தாலி கட்டிய நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போன வேலை. உங்கள் லேத் பட்டறையில் இரும்புத் தூள் தெறித்துப் பார்வை போன நண்பர், யாரோ செத்தவரின் கண்ணால் மறுபடி வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து உங்களுக்கு அதே பேச்சு. கண் வங்கியின் படிவத்தைக் கொண்டுவந்து, ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம் கையெழுத்துக் கேட்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சாவுப் பேச்சா என்று திட்டிக்கொண்டே போட்டேன்.

அதோடு விட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் பாயில் கண்ணை மூடி நீட்டிப் படுத்துக்கொண்டு, "நான் செத்துட்டேன், இப்ப இன்னா பண்ணுவ?" என்று கேட்பீர்கள். மொதல்ல ஒரு டீ போட்டுக் குடிப்பேன் என்பேன் நான். நீங்கள் கண்ணைத் திறக்காமலே பாடம் நடத்துவீர்கள்.

"ஃபேன நிறுத்து. ஈரப் பஞ்சு வெய்யி. தலகாணி. டாக்டர் சீட்டு. ஃபோனு. ஆறு மணி நேரம்தான். அழறத அப்புறம் வெச்சுக்க."

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத்தான், முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வியர்த்துக் கொட்டுகிறதே என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தது நான்தான். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போன பிறகும், உங்கள் முகத்துக்கு மேல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை ஒத்திகை பார்த்தும் முதல் பாடத்திலேயே கோட்டை விட்டுவிட்டேன். எழுந்து போய் நிறுத்தினேன். மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். புருஷன் போனதில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும் என்று பஞ்சைத் தேடினேன்.

பக்கத்து வீட்டு ஷாஹிதாவை உங்களிடம் உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடி, இறந்துவிட்டார் என்று சீட்டு வாங்கினேன். அங்கிருந்து எஸ்.டி.டி. பூத். தலைவிரி கோலமாக நின்ற என்னைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். கண் வங்கியில் முகவரி கேட்டார்கள். ஜீவனஹள்ளி என்று சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

திரும்பி வந்தால் விவேக் நகரிலிருந்து உங்கள் அண்ணன் வந்திருந்தார். வந்ததும் குளிப்பாட்ட ஏற்பாடு. உங்கள் தங்கை எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உங்கள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள், அது வழிந்து கண்ணுக்குள் இறங்கும். நான் உங்கள் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். கண் வங்கிக்காரர்கள் வந்து போகிற வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் இவர்மேல் படக் கூடாது என்றேன்.

உங்கள் அண்ணன் எதிரில் நான் அதுவரை சத்தமாகப் பேசியதில்லை. அவர், "ஏம்மா, எங்க தம்பிய முழுசா அனுப்பக்கூட எங்களுக்கு உரிமை இல்லையா?" என்றார். உங்கள் தங்கை அழுதுகொண்டே, "அடுத்த ஜென்மத்துல எங்கண்ணன் கண்ணில்லாம பொறக்கணுமா அண்ணி?" என்றாள். அவர்கள் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாயில் படுத்துப் பாடம் நடத்தியது என்னிடம்தானே?

பன்னிரண்டரைக்குத்தான் கண் வங்கி வண்டி வந்தது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்களாம். டாக்டர் இளைஞர், கன்னடக்காரர். நீங்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலும் இப்போது வீட்டார் சம்மதம் வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்றார். நான் போட்டேன். ஷாஹிதா காலையில் தையல் மிஷினை விட்டு எழுந்துவந்த கோலத்திலேயே இரண்டாவது கையெழுத்தைப் போட்டாள். மூன்றாவதற்கு ஆளில்லை. அண்ணன் வாசலில் நின்று ஆண்களை ஒரு பார்வை பார்த்தார், அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். உங்களோடு டீ குடித்தவர்கள், உங்கள் சைக்கிளை இரவல் வாங்கியவர்கள், ஒருவருக்கும் பேனா பிடிக்கத் தெரியவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரையோடு ஆறு மணி நேரம் முடிகிறது.

அப்போது உங்கள் தங்கை கன்னடத்தில் அவரிடம், முகம் கோரமாகிவிடுமா என்று கேட்டாள். தூங்குகிற மாதிரியேதான் இருக்கும் என்றார் அவர். யாருக்கு வைப்பீர்கள் என்று கேட்டாள். யாரென்று சொல்லக் கூடாது, இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் ஒருத்தருக்குக் குடுக்கறேன்னு சொன்னா குடுத்துருவான். எங்க போடணும், காட்டுங்க."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் போட்டாள், இருந்தும் தாளில் எண்ணெய் படிந்தது. அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு உங்களுக்கு முதல் எண்ணெய் வைத்தவளும் அவள்தான்.

மிச்ச வேலைகளையும் நானே செய்தேன். மயானத்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஆம்பள யாரும் வரலையா என்று கேட்டவரிடம், ஆம்பளயப் பத்தித்தான் எழுத வந்திருக்கேன் என்றேன். இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதி வாங்கினேன். இப்போது சாவு வீடுகளில் நான் சொல்வதும் அதுதான்: டாக்டர் சீட்டு இல்லாமல் பிணத்தை எடுக்காதே, இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய், ஒரு பிரதி போதும் என்று இருந்துவிடாதே. என்னைப் பார்த்தால் கெட்ட சகுனம் என்று ஒதுங்குகிறவர்கள்கூட இதற்கு மட்டும் ஆள் அனுப்புகிறார்கள்.

பதினாறாம் நாள் வந்தது. பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள், பொட்டை அழிக்கவும் வளையலை உடைக்கவும். மூத்தவள் ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். இதற்கு நீங்கள் எனக்குப் பாடம் எதுவும் நடத்தியிருக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"அவரு கண்ணு இந்த ஊர்ல எங்கயோ தொறந்துதான் இருக்கு. அது மூடினப்புறம் வாங்க, நானே கைய நீட்டறேன்."

உங்கள் தங்கை மட்டும் எழுந்து போய் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

பொட்டும் வளையலும் இன்றைக்கும் இருக்கின்றன. கோபமும் அப்படியே இருக்கிறது, குறைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. வெளியே கிளம்பும்போது தலையை வாரி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொள்கிறேன். யாருக்காக இந்தச் சிங்காரம் என்று தெருவில் கேட்கிறார்கள். கேட்கட்டும். பேருந்தில் எதிரில் உட்காருகிறவர்களை நான் நேருக்கு நேராகப் பார்க்கிறேன். இந்த ஊரில் அந்த இரண்டு பேரில் யார் கண்ணிலாவது நான் படக்கூடும். படும்போது நீங்கள் கட்டிக்கொண்டு வந்தவளாகத்தான் படுவேன்.