டெப்ரி

வியாழன் இரவு, கலகெதர

இன்று மண்சரிவு அதிகாரிகள் இருவர் வந்து, வீட்டுக்குப் பின்னால் மலையில் விழுந்திருக்கும் வெடிப்பைப் பார்த்தார்கள். மூத்தவர் எங்கள் வீட்டைக் கைகாட்டி மற்றவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். "டெப்ரி" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மழை பெய்தால் இங்கே இருக்க வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பேராதனையில் படிக்கும், லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும் மகள் கவிதாவிடம் அர்த்தம் கேட்டேன்.

"அது பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல்லும்மா. கடைசியில வர்ற 'எஸ்' எழுத்தை உச்சரிக்க மாட்டாங்க. இடிஞ்சு விழுந்த பிறகு மிஞ்சிக் கிடக்கிற கல்லு, மண்ணு, பலகை எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாங்க."

"நம்ம வீடு இன்னும் இடியலையே?"

அவள் எழுந்து போய்த் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

என் கணவர் அசையவில்லை. "இந்த மழையில எங்க போறது? விடியட்டும், பார்ப்போம்" என்று படுத்துவிட்டார். நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

மழை விடவில்லை. சற்றுமுன் சமையலறைக் கதவைச் சாத்தப் போனேன். மாலைவரை நன்றாகச் சாத்த முடிந்த கதவு, இப்போது நிலைச் சட்டம் சாய்ந்து அதில் சிக்கி நிற்கிறது. கவிதாவும் சேர்ந்து தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

அவரை எழுப்பப் போகிறேன்.