பெட்டி கட்டிவைத்துப் படித்த பதில்

தொலைக்காட்சிப் போர்ச் செய்தியில் ஒரு வரைபடம் காட்டினார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவே சிவப்பு அம்புகள் போய்வந்துகொண்டிருந்தன. எல்கேஜி படிக்கிற என் மகள் கிட்டே போய் நின்று, “அம்மா, இதுல அப்பா எங்க இருக்காரு?” என்றாள். அவள் அப்பா அந்த அம்புகளுக்குக் கீழே இருக்கிற ஒரு துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறார். டிவியை அணைத்துவிட்டேன். உடனே நீ ஞாபகம் வந்தாய். வரைபடமும் அம்பும் பார்த்தால் எனக்கு வேறு யார் வருவார்கள்?

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முந்தாநாள் அவருக்கு ஒரு கெடு வைத்தேன். ஐந்து விஷயம் எழுதி அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் இதெல்லாம் நடக்கவில்லை என்றால் எனக்குப் போனே போட வேண்டாம் என்றேன். நேற்றுக் காலை பதில் வந்தது. நாலு வரி படித்தேன், ‘ஆனா’ என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் ஆறு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நாம் பி.ஏ. வரலாறு படித்தபோது ஆரணியிலிருந்து வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு வருவேன். கண்ணமங்கலம் வரைக்கும் எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பேன்! நீ ஏறியதும் பையை மடியில் தூக்கிப் போட்டு உட்கார்ந்து பாடம் ஆரம்பிப்பாய். முதல் உலகப் போருக்கு முந்தின ஒரு மாதம் மட்டும் உனக்கு மனப்பாடம்.

“ஆஸ்திரியா இளவரசரைச் சுட்டது பசங்க. துப்பாக்கி செர்பியாவுல இருந்து வந்துச்சுன்னு ஆஸ்திரியாவுக்குக் கோவம். பத்து நிபந்தனை, நாப்பத்தெட்டு மணி நேரம் கெடு. செர்பியா முக்கால்வாசிக்கு மேல ஒத்துகிச்சுடி. உன் ஆளு எங்க ஊட்டுக்குள்ள வந்து விசாரிக்கக் கூடாதுன்னு ஒண்ணுக்குத்தான் முடியாதுன்னுது.”

பின் சீட்டில் புடவைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார். “அப்பால இன்னாம்மா ஆச்சு?”

“ஆஸ்திரியா தூதர் பதிலை வாங்கிப் பாத்தாருக்கா. அரை மணி நேரத்துல ரயில் ஏறிட்டாரு. பெட்டியை முன்னாடியே கட்டி வெச்சிகினுதான் உக்காந்திருந்தாரு.”

“அடப்பாவி! அவ்ளோத்துக்கு ஒத்துகினவனை எவனாச்சும் அடிப்பானா? எங்க தெரு பஞ்சாயத்துகூடத் தேவல.”

பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. சில நாள் கழித்து ஆஸ்திரியாவின் கூட்டாளியான ஜெர்மனி மன்னர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, இனி போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதினாராம். ஆனால் அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. “பெட்டி கட்டி வெச்சிகினு பதில் படிக்கிறவனுக்கு அதுல இருக்கிற ‘சரி’ கண்ணுலயே படாதுடி” என்றாய். பரீட்சையில் நான் இதை அழகாக எழுதி உன்னைவிட நாலு மார்க் கூட வாங்கினேன்.

பிறகு என் கல்யாணம் வந்தது. நலங்குக்கு வர வேண்டும், எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும், என் புடவை நிறத்திலேயே பட்டு கட்ட வேண்டும், வரவேற்பில் பக்கத்தில் நிற்க வேண்டும், முகூர்த்தத்தில் தோழியாக நிற்க வேண்டும் என்று பட்டியல் போட்டேன். நீ எல்லாவற்றுக்கும் சரி என்றாய். “முகூர்த்தத்துக்கு மட்டும் முடியாதுடி. காலைல வேலூர்ல வாத்தியார் வேலைக்குப் பரீட்சை. விடியறதுக்குள்ள கிளம்பணும். பேஜார் பண்ணாத” என்றாய்.

“அப்படின்னா எதுக்குமே வராத.”

நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வீம்பாகவே இருந்தேன். பெண் பிறந்ததைக்கூட உனக்குச் சொல்லவில்லை. அப்புறம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உன் படம் வந்தது, கீழே வரிசையாகக் கும்பிடு. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாயாம். கைக்குழந்தையோடு கண்ணமங்கலம் வந்தேன். உன் அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “உன் நலங்கு அன்னிக்குப் பட்டுப் புடவை கட்டிகினு, பையைத் தூக்கிகினு ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாம்மா. அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்டு, அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டா.”

எங்கள் வீடு அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை.

அந்தப் பத்து நிமிஷம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மார்க் வாங்கியவளுக்கு வராத புத்தி அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

இன்றைக்கு டிவியை அணைத்த பிறகு போனை எடுத்து அவருடைய பதிலை முழுக்கப் படித்தேன். துறைமுகத்துப் பக்கம் இருந்த அறையை மாற்றிவிட்டார். தூதரகத்தில் பெயர் பதிந்துவிட்டார். பாஸ்போர்ட்டை முதலாளியிடமிருந்து கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்கிறார். தினம் இரண்டு வேளை பேசுகிறேன் என்கிறார். ஆனால் வேலையை இந்த வெள்ளிக்கிழமையே விட முடியாதாம். மாற்று ஆள் வர மூன்று வாரம் ஆகுமாம், வந்த அன்றைக்கே டிக்கெட்டாம்.

நாட்காட்டியில் அந்த மூன்று வாரத்தை இரண்டு தடவை எண்ணினேன். கெடுவை விடுவது சரியா என்று உன்னைக் கேட்கவும் வழியில்லை. ஆனாலும் அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“இன்னும் கோவமா?”

“பயம்தாங்க. அந்த ஒண்ணை அப்புறம் பேசிக்கலாம். புது ரூம் எப்படி இருக்குன்னு முதல்ல சொல்லுங்க” என்றேன்.