இரண்டு முறை அரைத்த தீவனம்

அனுப்புநர்:
ரா. மெர்சி, க/பெ. ராசப்பன்,
குளக்கரை வீதி, சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு கால்நடை மருத்துவ அதிகாரி அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: எனது பன்றிக் குட்டிகளைத் தொற்று நோய் என்று கொல்ல இருப்பதை நிறுத்தி, ஒரு குட்டியின் வயிற்றைச் சோதிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வளரும் பருவத்தில் ஒன்பது குட்டிகள் வைத்திருந்தேன். ஓட்டல் மிச்சம், தவிடு, உடைத்த சோளம் தின்று நன்றாகவே இருந்தன. நைசாக அரைத்துப் போட்டால் சீக்கிரம் எடை ஏறும் என்று தீவனக் கடைக்காரர் சொன்னார். எடை ஏறியதும் உண்மைதான்.

2. மீதித் தப்பை நான் செய்தேன். நல்லது என்று நினைத்து மில்லில் இரண்டு முறை அரைத்து, என் மகளுக்குக் கஞ்சி மாவு சலித்த சல்லடையிலேயே சலித்து, தவிட்டையும் உமியையும் குப்பையில் கொட்டினேன். மில்காரர் சீனிவாசலு, "பன்னிக்குப் பல்லு இருக்குதுங்க அம்மணி, எதுக்கு இத்தனை நைசா அரைக்கோணும்?" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. ஆறாவது வாரம் குட்டிகளின் காது வெளுத்தது. பல்லை நறநறவென்று கடித்தன. மலம் தார் போலக் கருத்தது. நான்கு குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கடைசியாகச் செத்த குட்டியைப் புதைக்கும் முன் கறிக்கடை மாசாணம் அறுத்துப் பார்த்தார். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் புண். வயிறு நிறைய உறைந்த ரத்தம். என் கையால் போட்ட நைசுத் தீவனம் அரித்த புண் ஐயா. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

4. பார்வையிட வந்த மருத்துவர் பன்றிக் காய்ச்சல் என்று எழுதி, மீதி ஐந்தையும் வரும் திங்கட்கிழமை கொன்று புதைக்கச் சொல்லியிருக்கிறார். நோய் பரவுமோ என்று அவர் பயப்படுவதில் குற்றமில்லை. ஆனால் ஒரு குட்டிக்கும் உடம்பு சுடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சென்னியம்மாளின் பன்றிகள் அதே தண்ணீரைக் குடித்து, கொரகொரப்பான தீவனம் தின்று நலமாக உள்ளன. நானும் பத்து நாளாக உடைத்த சோளமும் தவிடும் கீரைத்தண்டும் போடுகிறேன். நான்கு குட்டிகள் தேறிவிட்டன. மாசாணம் பார்த்ததை அந்த மருத்துவரிடம் சொன்னேன். கறிக்கடைக்காரர் சொல் சாட்சியாகாது என்றுவிட்டார்.

5. ஆகவே தங்கள் துறையினரே திறந்து பார்க்கட்டும். ஐந்தில் ஒன்று இன்னும் வெளுத்துப்போய்த்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன புண் அதன் வயிற்றில் இருந்தால் மற்ற நான்கையும் உயிரோடு விட உத்தரவிடும்படி கைகூப்பிக் கேட்கிறேன். பிடிக்க ஆளும் கயிறும் வேண்டியதில்லை ஐயா. நான் கூப்பிட்டால் வந்துவிடும்.

இடம்: சிங்காநல்லூர்
நாள்: 14.08.1996

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ரா. மெர்சி