நான் போடாத கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் குடும்பமும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தைரியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. காகிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் இல்லை. கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன், அதனால் வரி கோணுகிறது. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் பக்கத்தையே கிழித்துப் போட்டிருப்பார். எனக்கு முன்னால் பாதிக் கூடம் காத்திருக்கிறது, இன்று ஒருநாள் மட்டும் அது எனக்குச் சௌகரியம்தான்.

ஏன் மெயில் அனுப்பவில்லை என்று நீ கேட்பாய். என் மெயிலை உண்டாக்கிக் கொடுத்தது உன் அண்ணன், அது வீட்டு முன்பக்கம் அவன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் அவன் மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டரிலும் திறந்தே கிடக்கிறது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்று போன வாரம் முயன்று பார்த்தேன், மாற்றுவதற்கான எண் அவன் போனுக்குத்தான் போயிற்று, உடனே உள்ளே வந்து என்னம்மா ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். கண் மங்குகிறது, தப்பாக அழுத்திவிட்டேன் என்று சொல்லி வைத்தேன். போன் என்றால் ஸ்பீக்கரில்தான். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தால் உன் அண்ணி துணியை எடுத்துக்கொண்டு வந்து, ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கும் பயம். கூரியரில் அனுப்பலாம் என்றால் அதுவும் போய்ச் சேர்ந்த செய்தியை ஒரு போன் நம்பருக்கு அனுப்பும், எனக்கென்று இருக்கும் நம்பர் எதுவும் எனக்கு மட்டும் உள்ளதாக இல்லை. ஆகவே எதிரில் இருக்கும் தபால் ஆபீஸ்தான்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். மாடிக்குப் புதிதாக ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கிறார், நாள் முழுக்கப் பல்லைக் குடைந்துவிட்டு வந்து ராத்திரி சுவரைக் குடைகிறார், அலமாரி மாட்டுகிறாராம். தண்ணீர் மோட்டாரைச் சரிபார்த்தாயிற்று. உன் அண்ணியின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்து இப்போது கோலை ஊன்றி நடக்கிறார். சென்டரில் இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறான், அதற்கு இடம் பண்ண என் புத்தக அலமாரியை என் அறைக்குள் தள்ளியதில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நான் பக்கவாட்டில்தான் போய் வர வேண்டியிருக்கிறது. புதுப் பெயர்ப்பலகை வேறு வந்திருக்கிறது, மிகப் பெரியது, என் ஜன்னலில் பாதியை மறைத்துவிட்டது. தீசிஸ், பிராஜெக்ட், எல்லா உதவியும் இங்கே என்று வெளியே போகிறவர்களுக்குத் தெரிகிறது, எனக்கு அதன் பின்பக்கத் தகரம் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்து. லீவுக்கு நீ வந்திருந்தபோது, உன் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழையும் பெயரையும் பாஸ்வேர்டையும் உன் அண்ணனுக்குக் கொடுத்தாய். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் என்ன ரகசியம் என்று அவன் கேட்டான், நீயும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாய், நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒன்றிரண்டு கட்டுரை எடுப்பான் என்று நீ நினைத்தாய். அவன் அதைச் சென்டரின் அத்தனை மெஷினிலும் போட்டு வைத்தான், தீசிஸ் எழுத வரும் பிள்ளைகளெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு நாள் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கட்டுரைகளை டவுன்லோட் செய்ய ஆரம்பித்ததில், ஆய்வுப் பத்திரிகைகளை அனுப்புகிற கம்பெனி உங்கள் பல்கலைக்கழகம் முழுவதற்குமே கதவைச் சாத்திவிட்டது. உன் பக்கத்து மேஜைப் பெண்ணால் ஆய்வுரையைக் குறித்த நாளில் கொடுக்க முடியவில்லை என்று நீயே சொன்னாய். இப்போது உன் கணக்கை முடக்கி, விசாரணைக் குழு வைத்து, யார் உபயோகித்தது என்று கேட்கிறார்கள். நீ என்ன சொன்னாய்? லேப்டாப்பை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன், வயதானவர், தெரியாமல் எதையோ அழுத்தியிருப்பார் என்று சொன்னாய். என்னிடம் கேட்காமலே என்னைச் சாட்சியாகக் கொடுத்தாய். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில், அண்ணன் பக்கத்தில் நிற்க, எழுதித் தருவதில் ஒரே ஒரு கையெழுத்துதானேம்மா, அப்புறம் வீடியோ காலில் பத்து நிமிஷம் பேசினா முடிஞ்சிடும் என்று நீ சொன்னபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. என் பதில் அந்த அறையில் வைத்துச் சொல்லக்கூடியது இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தக் காகிதத்தை அன்று மாலையே உன் அண்ணன் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து என் தலையணை பக்கத்தில் வைத்தான். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது என்று அதில் முதல் வரியே ஆரம்பிக்கிறது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து வயது தப்பு என்று திருத்திக் கொடுத்தேன். மறுநாள் புதுப் பிரிண்ட் வந்தது. நீ வந்து போன தேதி தப்பு என்று திருத்தினேன். அடுத்து, லேப்டாப் கூடத்து மேஜைமேல் இருந்ததாக எழுதியிருந்தான், அந்த மேஜை கூடத்தில் இல்லவே இல்லை என்று திருப்பி அனுப்பினேன். உன் அண்ணி சிரித்துவிட்டாள், அத்தை, நீங்க பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரியில்ல திருத்துறீங்க, கடைசியில ஃபெயில் போட்டுடாதீங்க என்றாள். பாவம், தமாஷாகத்தான் சொன்னாள். நேற்று வந்த பிரிண்ட்டில் வயது சரி, தேதி சரி, மேஜை சரி. எல்லாம் சரியாக இருக்கிறது, சொல்லும் விஷயம் மட்டும் பொய். இனி அதில் திருத்தித் தள்ளிப்போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போதே, போட்டாச்சாம்மா என்று கேட்கிறான், ராத்திரி மாத்திரை கொடுக்கும்போதும் அதையே கேட்கிறான். அதட்டவில்லை, கெஞ்சுகிறான், அதுதான் கஷ்டம். உங்களைத் தூக்கிலயா போடப்போறாங்க, வயசானவங்கன்னு விட்டுடுவாங்கம்மா என்கிறான். இன்னொன்றும் சொன்னான். வீடியோ காலில் மறந்தும் இங்கிலீஷில் பேசிவிடக் கூடாதாம், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்களாம், நீங்க பேசற இங்கிலீஷைக் கேட்டா கம்ப்யூட்டர் தெரியாதவங்கன்னு ஒருத்தனும் நம்பமாட்டான், சும்மா தலையை மட்டும் ஆட்டுங்க என்றான். எழுபத்து நான்கு வயதில் நான் படித்த படிப்பை மறைத்து வைக்க வேண்டும் என்று என் பிள்ளை கற்றுக்கொடுக்கிறான்.

உங்கள் அப்பா போன பிறகு நான் கல்லூரி ஆபீஸில் பரீட்சைப் பிரிவைப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மார்க்கெல்லாம் மாறியபோது அதை ஏற்றியது இந்தக் கைதான். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது பிரின்சிபால் போன் செய்து, ரிசல்ட் போட வேண்டும், பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு வண்டி பிடித்துப் போய், நானே திறந்து, ரிசல்ட் வெளியானதும் நானே மூடிவிட்டு வந்தேன். அன்று நீ எனக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாய், ஏம்மா, அவர் பிரின்சிபால்தானே, சொன்னா என்ன என்று கேட்டாய். அந்த மார்க்கில் ஏதாவது மாறினால் என் பெயர்தான் நிற்கும் என்றேன். அப்படிப்பட்டவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத நாலு பேரிடம் எனக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டாக அழுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதே. பேசினாலும் தப்பில்லை, எனக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான்.

உன் பல்கலைக்கழகத்தின் விதிகளை நீ அனுப்பியதும் அண்ணன் அதையும் பிரிண்ட் எடுத்தான், எடுத்ததோடு சரி, படிக்கவில்லை. நீயும் சேர்ந்த அன்று சம்மதம் என்ற இடத்தில் அழுத்திவிட்டுப் போயிருப்பாய். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கணக்கு உனக்காக மட்டும், வேறு யாருக்கும், வீட்டாருக்குக்கூட, கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. கொடுத்தால் எச்சரிக்கை, கொஞ்ச காலத்துக்குக் கணக்கு முடக்கம், மேற்பார்வையாளருக்குத் தகவல். அதற்கு இரண்டு பக்கம் தள்ளிப் போனால், விசாரணையில் பொய் சொன்னாலோ பொய்ச் சாட்சி கொண்டுவந்தாலோ பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கலாம் என்று இருக்கிறது. நீ கொடுத்தது சின்னத் தப்பு கண்ணு, அதை மறைக்க நீங்கள் இருவரும் தேடிப்பிடித்தது பெரிய தப்பு. உன்னை வெளியேற்ற அவர்களுக்கு என் கையெழுத்து ஒன்று போதும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்காமல் இல்லை. உண்மையைச் சொன்னால் உன் அண்ணன் மாட்டுவான். அந்தக் கம்பெனி அவனுக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாம், சென்டரை மூட வேண்டி வரலாம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றபோது உனக்காக என்னிடம் வாதாடியவன் அவன், நீ விமானம் ஏறிய அன்று வாசலில் நின்று அழுதவனும் அவன்தான், நான் அழவில்லை. கெட்டவன் இல்லை, சரியா தப்பா என்று யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அவன் வீட்டில்தான் நான் படுத்து எழுந்திருக்கிறேன், அவன் கொடுக்கும் மாத்திரையைத்தான் போட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டால் உன்னை இழப்பேனோ என்று பயம், போடாவிட்டால் அவனை. ராத்திரி பகல் என்று இல்லாமல் இதையே மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நீங்கள் இருவரும் பேசி முடிவெடுத்தீர்கள், நடுவில் என்னை உட்கார வைத்தீர்கள், எழுந்து போக ஒரு பக்கமும் வழி விடவில்லை.

நர்ஸ் வந்து கண்ணில் மருந்து விட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுத்து தெரியாது, எழுத்து பெரிதாகப் போனால் கோபித்துக்கொள்ளாதே. முடிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஆனால் நீ என் பெயரைக் கொடுத்துவிட்டதால் அவர்கள் எப்படியும் என்னைக் கூப்பிடுவார்கள், அடுத்த மாத ஆரம்பத்தில் என்றாய். கூப்பிட்டால் உட்காருவேன். இங்கிலீஷில்தான் பேசுவேன். நானாக எதையும் சொல்லமாட்டேன், கேட்டால் கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்வேன். அப்போது அவர்கள் கேட்கும் இரண்டாவது கேள்விக்கே உன் அண்ணன் பெயர் என் வாயிலிருந்து வந்துவிடும், அவன் கேமராவுக்கு இந்தப் பக்கம் என் எதிரில் நின்றுகொண்டிருப்பான். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுபோகாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய், நான்தான் கொடுத்தேன், அம்மாவைப் பற்றிச் சொன்னது பொய் என்று நீயே சொல்லிவிடு. யாருக்கு என்று கேட்பார்கள், அதை முதலில் அண்ணனிடம் பேசு, அவனே எழுதித் தந்தால் அவனுக்கும் மரியாதை. உங்களை வளர்த்த காலத்தில் நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை, செய்யச் சொல்லித்தான் பழக்கம். இப்போது கேட்கிறேன். என் பிள்ளையை என் வாயால் காட்டிக்கொடுக்க வைத்துவிடாதே.

கையெழுத்துப் போடமாட்டேன் என்பதை உன் அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. டாக்டர் பார்த்து முடித்ததும் என்னைக் கூட்டிப்போக அவன் வருவான். அதற்குள் எதிரில் போய் இதைத் தபாலில் போட்டுவிடுவேன், போட்ட பிறகுதான் வண்டியில் வைத்துச் சொல்வேன். முதலில் சொன்னால் அவன் முகத்தைப் பார்த்து இதைக் கிழித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

உனக்கு எந்தக் குறையும் வராமல், எடுத்த படிப்பைத் தலை நிமிர்ந்து முடிக்க அம்மாவின் மனமார்ந்த ஆசி. எந்தத் தீர்ப்பு வந்தாலும் சாப்பிடாமல் படுக்காதே, கிடைத்ததைச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேள், மெயிலில் கேட்காதே. புதுக் கணக்கு கொடுத்தார்களானால் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே. என்னிடமும்தான்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா